நிற்கிற தாய்

திண்டிவனத்தில் தேம்பாவணி வகுப்பு. ரஃபேல் 1512 வாக்கில் வரைந்த சிஸ்டைன் மடோனாவைத் திரையில் காட்டினேன். மேகத்தின்மேல் வெறுங்காலோடு, பிள்ளையை ஏந்தி நிற்கிறாள் மரியாள்.

"எவ்ளோ நேரமா நிக்கிறாங்க மேடம்?" என்றாள் ஒரு மாணவி. வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. முந்தின வாரம் கைக்குழந்தையோடு வந்த அவளை, பாடம் கெடுமென்று வராந்தாவில் நிற்கச் சொன்னவள் நான்தான்.

18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் இதே தாய்க்குக் கோயில் கட்டினார். சேலை உடுத்திய அந்த மாதாவுக்குப் பெயர் பெரியநாயகி. நம் வீட்டுப் பெண் போலவே இருப்பாள். வீட்டுப் பெண்களையோ, பிள்ளை பெற்றதும் தெய்வமாக்கிவிடுகிறோம். தெய்வத்துக்குக் கால் வலிக்காது, தூக்கம் வராது, பட்டம் தேவையில்லை.

அப்படியானால் தாய்மையை வணங்குவது தாயைக் கவனிக்காமலிருக்க ஒரு வழியா? வணக்கத்துக்குச் செலவில்லை, காப்பகத்துக்கு உண்டு. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் கேட்டது. மாணவி அந்தக் கணக்கில் வருவதில்லை.

அன்று மாலை விழுப்புரம் பேருந்தில், குழந்தையோடு நின்றவளுக்கு எழுந்து இடம் கொடுத்தேன். "பரவால்லக்கா, பழகிடுச்சு" என்றாள்.