மாவீரர் கதையும் மனமுதிர்ச்சியும்

பருவம் மாறுங்கால் விருப்பங்களும் மாறுதல் மனித இயல்பு. மரப்பாச்சியும் மணல்வீடும் சிறுவர் கையினின்று தாமே நீங்கிவிடுகின்றன. ஆனால், வானிற் பறந்து தீயோரை ஒடுக்கும் மாவீரர்களின் சித்திரக்கதைகளையும் திரைப்படங்களையும் நரை கண்டோரும் விரும்பிச் சுவைக்கின்றனர். இது முதிர்ச்சியின்மையா?

ஆம் என்போருள் இங்கிலாந்து எழுத்தாளர் ஆலன் மூர் குறிப்பிடத்தக்கவர். 1986-87ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘வாட்ச்மென்’ சித்திரக்கதையை எழுதியவர் அவர். சிறுவர்க்கென ஆக்கப்பட்ட மாந்தரைக் காணப் பெரியோர் திரளாகக் கூடுவது, எளிமையான உலகொன்றை நாடும் குழந்தை மனத்தின் அடையாளம் என்றும், அம்மனம் பாசிசக் கொடுங்கோன்மைக்கு முன்னோடியாகக்கூடும் என்றும் 2022இல் அவர் எச்சரித்தார். அத்துறைக்குள்ளிருந்தே எழுந்த இக்குரலை எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது.

எனினும், இக்கதைகளின் தோற்றத்தை நோக்குவார்க்கு வேறோர் உண்மையும் புலப்படும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், யூதக் குடியேறிகளின் புதல்வர்களாகிய ஜெரி சீகலும் ஜோ சூஸ்டரும், கடும் பொருளாதார மந்தம் நிலவிய காலத்தில் சூப்பர்மேனைப் படைத்தனர். 1938இல் வெளிவந்த முதற்கதையில் அவன் குற்றமற்ற பெண்ணொருத்தியை மரண தண்டனையினின்று மீட்டான். மனைவியை அடித்தவனைத் தட்டிக்கேட்டான். வலியார் மெலியாரை நலிதல் தகாது என்னும் அவ்வுணர்வைச் சிறுபிள்ளைத்தனம் எனல் எங்ஙனம் பொருந்தும்?

அவ்வாறாயின், வளர்ந்தோர் கடக்க வேண்டியதுதான் யாது? அவ்விருவர் வாழ்வே இதற்கு விடை பகர்கின்றது. அவர்கள் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டனர். அவர்தம் படைப்பால் பிறர் பெரும்பொருள் ஈட்டினர். அவர்களோ அறுபது வயதைக் கடந்த நிலையில் வறுமையில் உழன்றனர். சூஸ்டரின் கண்பார்வையும் மங்கிற்று. சூப்பர்மேன் திரைப்படம் ஒன்று உருவாகவிருந்த 1975இல், சீகல் தம் குறையை ஊரறிய எடுத்துரைத்தார். சித்திரக்கதை ஓவியர்களான நீல் ஆடம்ஸ், ஜெரி ராபின்சன் முதலானோர் அவர்களுக்காகக் குரல் கொடுத்தனர். அவ்வாண்டின் இறுதியில், இருவர்க்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், படைத்தோர் என்னும் பெயரும் கிட்டின.

அவர்களை மீட்க வானினின்று எவரும் இறங்கி வரவில்லை. தூரிகை ஏந்திய எளிய மனிதர்களே பிறர் வழக்கைத் தம் வழக்காக ஏற்றுப் போராடினர். எவனோ ஒருவன் வந்து அறத்தை நிலைநாட்டுவான் எனக் கைகட்டிக் காத்திருக்கும் மனப்பாங்கே கடக்கத்தக்கது.

மாவீரன் எப்போது வருவான் எனச் சிறுவன் கேட்கின்றான். தன் அருகே நலிவுற்றிருப்பவன் எவன் என முதிர்ந்தவன் கேட்டல் வேண்டும். அக்கேள்வி உள்ளத்தில் எழுமாயின், அக்கதைகளை எவ்வயதிலும் படிக்கலாம். எழாதாயின், பெருங்காப்பியங்களை ஐயந்திரிபறக் கற்றவனும் இன்னும் வளராத சிறுவனே.