வீடு தேடி வரும் சொல்லும் மன்றத்தில் நிற்கும் சொல்லும்

ஊராருக்கு ஒரு செய்தியை அறிவிக்க நம் முன்னோர் இரண்டு வழிகளைக் கைக்கொண்டனர். ஒன்று, வீடுதோறும் சென்று சொல்லி வருதல். மற்றொன்று, சாவடிச் சுவரிலோ கோயில் மண்டபத்திலோ எழுதி ஒட்டிவிடுதல். திருமணத்துக்கு அழைப்போர் வீடு வீடாகச் சென்றே அழைப்பர். சுவரில் ஒட்டிவிட்டு, "அனைவரும் வருக" என்றால் உறவினர் மனம் அதனை ஏற்பதில்லை. ஆனால், திருவிழாக் கணக்கை எவரும் வீடு வீடாகச் சென்று படித்துக் காட்டுவதில்லை. அது பொதுவிடத்தில் நிற்க வேண்டும். ஐயமுற்றவர் தமக்கு வாய்த்த நேரத்தில் வந்து பார்க்க வேண்டும். எந்தச் சொல் வீட்டுக்குச் செல்லத்தக்கது, எந்தச் சொல் மன்றத்தில் நிற்கத்தக்கது என்னும் இவ்வறிவை நமக்கு எவரும் பாடமாகக் கற்பிக்கவில்லை. வாழ்ந்து பழகியதனால் அறிந்தோம்.

இன்று நம் குடும்பங்கள் பல ஊர்களிலும் பல நாடுகளிலும் பரவி வாழ்கின்றன. பழைய மாணவர்களும், உறவினர்களும், ஒரே நூலை விரும்பிப் படிப்போரும் கணிப்பொறியின் வழியாகவும் கைப்பேசியின் வழியாகவும் கூடிப் பேசுகின்றனர். இக்கூட்டங்களிலும் அதே இரண்டு வழிகள் உள்ளன. மடலாடற்குழு என்பது முதல் வழி: ஒருவர் எழுதும் மடல் உறுப்பினர் அனைவருடைய அஞ்சற்பெட்டிக்கும் சென்று சேரும். செய்திப் பலகை, அல்லது கருத்துக்களம், என்பது இரண்டாம் வழி: எழுதியது ஓரிடத்தில் நிற்கும், விரும்புவோர் அங்கு சென்று படிப்பர். இவற்றுள் எது சிறந்தது என்பதைப் பொறியியல் வினாவாகவே பலரும் கருதுகின்றனர். அதன் உள்ளே ஓர் அறவினா இருக்கிறது என்பது என் எண்ணம். பிறர் வீட்டு வாயிலில் என் சொல்லைக் கொண்டுபோய் வைக்க எனக்கு எவ்வளவு உரிமை உண்டு? வைத்த சொல்லுக்கு நான் எதுவரை பொறுப்பாவேன்?

இவ்விரு வழிகளின் வரலாற்றையும் சுருக்கமாக நோக்குவோம். அமெரிக்க நாட்டில் ஆர்ப்பாநெட் என்னும் ஆய்வு வலையமைப்பில், 1971 ஆம் ஆண்டு ரே டாம்லின்சன் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு மடல் அனுப்பும் முறையை அமைத்தார். 1975 ஆம் ஆண்டிற்குள் அவ்வலையமைப்பில் பலர் கூடி ஒரு பொருளைப் பற்றி மடல்வழியே விவாதிக்கும் குழு தோன்றிவிட்டது. தொடக்கத்தில் இத்தகைய குழுக்களின் பெயர்ப்பட்டியலை மனிதர்களே திருத்தி வந்தனர். 1986 ஆம் ஆண்டு பாரிசில் மாணவராயிருந்த எரிக் தாமஸ், லிஸ்ட்செர்வ் என்னும் நிரலை எழுதினார். அதன்பின் ஒரு குழுவில் சேர்வதும் விலகுவதும் தாமாகவே செய்துகொள்ளக்கூடிய செயல்களாயின.

பலகையின் வரலாறும் ஏறத்தாழ அதே காலத்தது. 1973 ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரில், ஓர் இசைத்தட்டுக் கடையில், காகித அறிவிப்புகள் குத்தப்பட்டிருந்த பலகைக்கு அருகிலேயே ஒரு தட்டச்சு முனையம் வைக்கப்பட்டது. சமுதாய நினைவகம் என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். தெருவில் செல்வோர் எவரும் உள்ளே வந்து செய்தி எழுதலாம்; பிறர் எழுதியதைத் தேடலாம். 1978 ஆம் ஆண்டு, சிகாகோ நகரம் பனிப்பொழிவில் முடங்கியிருந்த குளிர்காலத்தில், வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்னும் இருவர் தொலைபேசி வழியே எட்டக்கூடிய ஒரு கணிப்பொறிப் பலகையை அமைத்தனர். ஒரு நேரத்தில் ஒருவரே அதனுள் நுழைய முடியும். அவர் வெளியேறிய பின்னரே அடுத்தவருக்கு வழி. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கும் அந்த ஒழுங்கு அன்று பொறியின் குறையால் வந்தது. இன்று குறை நீங்கியது. காத்திருத்தலும் உடன் நீங்கிவிட்டது.

இனி, அறத்தின் நோக்கில் இவற்றை எடைபோடுவோம். முதலாவது, பிறருடைய நேரம். மடல் கதவைத் தட்டுகிறது, பலகை காத்திருக்கிறது. நூறு பேர் உள்ள குழுவில் நான் ஒரு வரி எழுதினால் நூறு பேருடைய கவனத்தில் ஒரு துளியை எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். கொடாததை எடுத்தல் எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்று நம் இல்லங்களில் பழகிய வாட்ஸ்அப் குழுவும் இவ்வகையில் மடற்குழுவின் வழித்தோன்றலே. அச்செயலி 2009 ஆம் ஆண்டில் தோன்றியது. தம்மை எவர் குழுவில் சேர்க்கலாம் என்பதை ஒருவர் தாமே வரையறுக்கும் வசதி 2019 ஆம் ஆண்டில்தான் அதில் வந்தது. கேளாமல் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டத்தில் அமர்த்துவது பிழை என்று உணரப் பத்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

இவ்வளவில் தீர்ப்பை எழுதிவிடலாமா? இயலாது. பலகைக்கும் ஒரு குறை உண்டு. வருபவர்க்கே அது பயன்படும். நோயுற்றவர், கூச்சமுள்ளவர், வேலைச் சுமையால் அழுந்தியவர், என்னைப் போல் கண்பார்வை குறைந்தவர் ஆகியோர் பலகையைத் தேடிச் செல்வதில்லை. நாளடைவில் பலகை, நாள்தோறும் வந்து பேசும் பத்துப் பேருடைய திண்ணையாகிவிடுகிறது. வாராதவரைப் பற்றிய நினைவே அங்கு இராது. மடலோ, மறக்கப்பட்டவரையும் சென்று அடைகிறது. ஓர் இல்லத்தில் துயரம் நேர்ந்தால், "பலகையில் எழுதியிருந்தேனே, நீங்கள் பார்க்கவில்லையா?" என்று கேட்பது உறவாகாது. ஆகவே, மடலில் பரிவு உண்டு. அதனுள் வன்மையும் உண்டு. பலகையில் விடுதலை உண்டு. அதனுள் புறக்கணிப்பும் உண்டு.

இரண்டாவது, நினைவு. பலகையில் எழுதிய சொல் நிற்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து வருபவரும் அதனைப் படிப்பார். ஆனால் அதனைத் திருத்தலாம், நீக்கலாம். மடல் அவ்வாறன்று. அனுப்பிய கணத்திலேயே அது நூறு படிகளாகி நூறு இல்லங்களில் புகுந்துவிடுகிறது. திரும்ப அழைக்க எவராலும் இயலாது. இதனை நான் நூலில் படித்து அறியவில்லை. என் பிழையால் அறிந்தேன்.

நான் பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டில், என்னிடம் பயின்ற பழைய மாணவர்கள் நாற்பது பேர் ஒரு மடற்குழு தொடங்கி என்னையும் அதில் சேர்த்தனர். அவர்களுள் ஒருவர் எங்கள் பள்ளி நூலகம் உருவான கதையை எழுதினார். அதனைக் கொடுத்தவர் இன்னார் என்று அவர் குறித்திருந்தது தவறு என எனக்குத் தோன்றியது. அவருக்கு மட்டும் எழுதுவதாக எண்ணி, "உனக்கு அன்றும் கவனமில்லை, இன்றும் கவனமில்லை" என்று தொடங்கி நான்கு வரிகள் எழுதினேன். அக்குழுவின் அமைப்பு, மறுமொழி எழுதினால் அது அனைவருக்கும் செல்லும் வகையில் இருந்தது. ஐம்பது வயதை நெருங்கும் ஒருவரை, அவருடைய தோழர்கள் நாற்பது பேர் முன்னிலையில், வகுப்பறையில் நிறுத்தித் திட்டியதுபோல் ஆயிற்று.

உடனே அவருக்குத் தனியே எழுதி வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்லை, டீச்சர்" என்று ஒரு வரி வந்தது. அதன்பின் குழுவில் அவர் எழுதவில்லை. சில திங்கள் கழித்தே எனக்கு உண்மை விளங்கிற்று. பிழையை நாற்பது வீடுகளில் செய்தேன். மன்னிப்பை ஒரே வீட்டில் கேட்டேன். மேலும், பழைய ஆசிரியர் ஒருவரிடம் விசாரித்தபோது, அலமாரிகளைக் கொடுத்தவர் ஒருவர், நூல்களைக் கொடுத்தவர் மற்றொருவர் என்று தெரிந்தது. என் மாணவர் ஒரு பாதியைச் சொன்னார். நான் மறு பாதியை அறிந்திருந்தேன். என் பாதியையே முழுமை என்று எண்ணியிருந்தேன். இரண்டையும் விளக்கி, குழுவில் அனைவருக்கும் எழுதி, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும், முதல் மடலைப் படித்துவிட்டு இரண்டாவதைத் திறவாமல் விட்டவர் எத்தனை பேரோ! அவர்களிடம் என் பிழை இன்றும் திருந்தாமலே இருக்கிறது.

இப்பிழை என்னுடையதா, அமைப்பினுடையதா? மறுமொழி எழுதியவருக்கு மட்டும் செல்லுதல் நன்றா, அனைவர்க்கும் செல்லுதல் நன்றா என்பது மடற்குழுக்களை நடத்துவோரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கு. அனைவர்க்கும் சென்றால் உரையாடல் செழிக்கும் என்பர் ஒரு சாரார். தனிமொழி தவறிப் பொதுமொழி ஆகிவிடும் என்பர் மறு சாரார். அமைப்பவருக்கு ஒரு கடமை உண்டு என்பது உண்மையே: தீங்கில்லாத வழியே எளிய வழியாக இருக்குமாறு அவர் அமைக்க வேண்டும். ஆயினும் அதனைக் கூறி நான் தப்பிக்க இயலாது. ஒருவரிடம் மட்டும் சென்றிருந்தாலும் அச்சொல் கடுஞ்சொல்லே. பொறி என் சொல்லைப் பெருக்கியது. கடுமையை நானே சேர்த்தேன்.

அழிக்கும் உரிமையும் எளியதன்று. 1985 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பிராண்டும் லாரி பிரில்லியண்டும் தி வெல் என்னும் கருத்துக்களத்தைத் தொடங்கினர். பின்னவர், நம் நாட்டில் பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டிருந்த மருத்துவர். ஒவ்வொருவரும் தம் சொல்லுக்குத் தாமே உடையவர், தாமே பொறுப்பாளர் என்பது அக்களத்தின் நெறி. 1990 ஆம் ஆண்டு அதன் உறுப்பினர் ஒருவர், தாம் அதுகாறும் எழுதிய அனைத்தையும் அழித்துவிட்டார். சொற்கள் அவருடையவைதாம். ஆனால், அவற்றுக்கு மறுமொழி கூறியிருந்தவர்களின் எழுத்துகள், கேள்வியின்றித் தொங்கும் விடைகளாயின. உரையாடலில் நம் சொல் முழுதும் நம்முடையதன்று. கேட்டவருக்கும் அதில் பங்குண்டு.

மூன்றாவது, இடத்துக்கு உரியவர் யார் என்னும் வினா. பலகை பிறர் மனையில் நடப்பட்டது. மனைக்கு உரியவர் கைவிட்டால் அனைவருடைய நினைவும் போய்விடும். யாஹூ குழுமங்கள் இரு வழிகளுக்கும் இடம் தந்த ஓர் அமைப்பு. 2019 ஆம் ஆண்டு அந்நிறுவனம், குழுக்களின் சேமிப்பு நீக்கப்படும் என்று அறிவித்தது; 2020 டிசம்பரில் அச்சேவையே மூடப்பட்டது. பலகையை மட்டும் நம்பியவர்களில் படியெடுக்கத் தவறியோர் யாவற்றையும் இழந்தனர். மடலாகப் பெற்றுச் சேமித்தவர்களிடம் அவை எஞ்சின. திரும்பப் பெற முடியாது என்று நான் மேலே குறையாகக் கூறிய அதே பண்பு இங்குக் காப்பாக நிற்கிறது. ஏட்டுச் சுவடிகள் நமக்குக் கிடைத்ததும் பலர் படியெடுத்துத் தத்தம் இல்லங்களில் வைத்திருந்ததனாலன்றோ? 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர்கள் இணையத்தின் வழியே கைகோத்து, நாலடியார், சீவக சிந்தாமணி முதலியவற்றை மின்வடிவில் எவரும் படியெடுத்துக்கொள்ளுமாறு வைத்தனர். ஓரிடத்தில் நிற்றலும் பலரிடம் பரவுதலும் அங்கு ஒன்றாயின.

ஆகவே, வழியைத் தேர்வதற்கு முன் சொல்லின் தன்மையை நோக்க வேண்டும். துயரச் செய்தி, உதவி வேண்டுதல், மகிழ்ச்சி ஆகியன வீடு தேடிச் செல்லட்டும். விவாதமும், கணக்கும், பலர் பலகாலும் பார்க்க வேண்டியவையும் மன்றத்தில் நிற்கட்டும். ஒருவருடைய பிழையைத் திருத்தும் சொல் இரண்டிலும் செல்லலாகாது. அது அவர் செவிக்கு மட்டும் உரியது. பிழை நம்முடையதாயின், அது எத்தனை வீடுகளுக்குச் சென்றதோ அத்தனை வீடுகளுக்கும் மன்னிப்பும் செல்ல வேண்டும்.

1995 அக்டோபரில் இணைய நெறிகளைப் பற்றி 1855 என்னும் எண்ணுடைய ஓர் ஆவணம் வெளிவந்தது. குழுவில் சேர்ந்தவர் ஒன்றிரண்டு திங்கள் படித்துக்கொண்டிருந்து, கூட்டத்தின் இயல்பை அறிந்த பின்னரே எழுத வேண்டும் என்றும், மனம் கொதிக்கும்போது எழுதிய மறுமொழியை ஓரிரவு கழித்தே அனுப்ப வேண்டும் என்றும் அது அறிவுறுத்தியது. பொறியாளர்கள் தம் அனுபவத்தால் அடைந்த முடிவு இது. துறவியர்க்கு உரிய சமிதிகளுள் பேச்சில் விழிப்பையும் ஒன்றாக வைத்த மரபில் வந்த நமக்கு இது புதிதன்று. நடக்கும்போது காலடியில் உயிர் உண்டோ என்று பார்ப்பது போல், சொல்லும்போது அச்சொல் விழும் இடத்தில் யார் இருக்கிறார் என்று பார்ப்பதே அது.

என் மாணவர் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் குழுவில் மீண்டும் எழுதினார், நூலகத்தைப் பற்றியே. இம்முறை அலமாரிகளையும் நூல்களையும் தந்த இருவர் பெயரும் அதில் இருந்தன. நான் மறுமொழி எழுதி முடித்து, அனுப்பாமல் வைத்து, மறுநாட் காலையில் ஒருமுறை படித்த பின்னரே அனுப்பினேன். அது நான்கு சொற்களே உடைய பாராட்டு. ஆயினும் காத்திருந்தேன். பழக்கம் நல்ல சொல்லிலிருந்தே தொடங்கட்டும்.