அழைப்புக்கு முன் பறத்தல்

விமானப்படையின் விமானிப் பயிற்சிக்கு அழைப்பு வரும்வரை காத்திருக்கும் ஒருவர், அதற்குள் வேறோரிடத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளலாமா? மேலோட்டமாகப் பார்த்தால் இது நேரத்தையும் பணத்தையும் பற்றிய கேள்வி. உள்ளே போனால் ஊழையும் முயற்சியையும் பற்றிய பழைய வழக்காகிவிடுகிறது. பலன் தரும் அதிகாரம் வேறொருவர் கையில் இருக்கிறது. அவர் இந்த உழைப்பைக் கேட்கவும் இல்லை. அப்படியானால் அந்த உழைப்பு எதற்கு? அதனடியில் இன்னொரு கேள்வியும் கிடக்கிறது. காத்திருப்பவர் விரும்புவது பறப்பதையா, படையில் சேர்வதையா?

இந்தக் காத்திருப்பு நீளமானது. விமானப்படைக்கான ஏஎஃப்கேட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. பிப்ரவரியில் எழுதியவருக்கான பயிற்சி ஹைதராபாத்துக்கு அருகே துண்டிகலில் உள்ள விமானப்படை அகாடமியில் அடுத்த ஜனவரியில்தான் தொடங்கும். இடையில் தேர்வு வாரியத்தின் பல நாள் சோதனைகள், நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, கடைசியாகத் தகுதிப் பட்டியல். வாரியம் பரிந்துரைத்தாலும் காலியிடம் எத்தனை என்பதைப் பொறுத்தே அழைப்பு வரும். சென்னைக்கு வடக்கே கொல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கும் புதுவாயல், கவரைப்பேட்டை வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகள் பல. இறுதியாண்டு மாணவரும் இத்தேர்வை எழுதலாம் என்பதால், படிப்பை முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டே கடிதத்துக்குக் காத்திருப்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடக்கக்கூடிய ஒன்றுதான். விமானமும் இவ்வட்டாரத்துக்குப் புதிதில்லை. தெற்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்று இருந்தது. போருக்குப் பின் அதில் பல ஆண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பும் ராக்கெட்டை மொட்டைமாடியில் நின்றே பார்க்கலாம்.

சிவில் விமானப் பயிற்சிக்கான விதிகள் எளியவை. 16 வயதில் மாணவ விமானி உரிமம் பெறலாம். 17 வயது நிறைந்து 40 மணி நேரமாவது பறந்தவருக்குத் தனியார் விமானி உரிமம்; 18 வயதும் 200 மணி நேரமும் ஆனால் வணிக விமானி உரிமம், அதாவது சி.பி.எல். இடையிடையே சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. நடத்தும் எழுத்துத் தேர்வுகளும் மருத்துவச் சான்றும் உண்டு. மணிக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் என்பதால், சி.பி.எல். வரை போக பல லட்சம் ரூபாய் வேண்டும். செலவில்லாமல் விமானத்தில் ஏறிப் பார்க்க என்.சி.சி.யின் விமானப் பிரிவு ஒரு வழி. 1950-இல் தொடங்கிய அப்பிரிவில் தேர்ந்த மாணவர்களுக்கு மைக்ரோலைட் எனப்படும் சிறிய விமானங்களில் பறக்கும் வாய்ப்பு கிடைக்கிறது.

இப்படிச் சேர்த்த மணிகள் படையின் கணக்கில் ஏறுமா? இந்தியாவில் பெரும்பாலும் ஏறாது. ஏஎஃப்கேட் வழியே பறக்கும் பிரிவில் சேர வயது வரம்பு 24, செல்லுபடியாகும் சி.பி.எல். இருந்தால் 26 வரை தளர்வு. கிடைக்கும் சலுகை அவ்வளவுதான். விமானி ஆவதற்கான இயல்புத்திறனை அளக்கும் சோதனை ஒன்று உண்டு. பி.ஏ.பி.டி. என்று நெடுங்காலம் அறியப்பட்ட அது இப்போது கணினிமயமாகிவிட்டது. கண்ணும் கையும் காலும் எவ்வளவு ஒத்துழைக்கின்றன, கருவிகளின் முகப்பை எவ்வளவு விரைவாகப் படிக்க முடிகிறது என்பதைப் பார்க்கும் அச்சோதனையில் வாழ்நாளில் ஒருமுறை தோற்றவருக்கு மறுவாய்ப்பே கிடையாது. அமெரிக்க விமானப்படையின் முறை வேறு. அங்கே தேர்வு மதிப்பெண்ணில் முன்பே பறந்த மணிகளும் ஓரளவு வரை சேர்க்கப்படுகின்றன. முயற்சிக்கு மரியாதை தரும் ஏற்பாடு என்று அதைச் சொல்லலாம். பணம் உள்ளவருக்கு மதிப்பெண் விற்கும் ஏற்பாடு என்றும் சொல்லலாம். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

துண்டிகலுக்குள் நுழைந்தபின் நிலைமை இன்னும் தெளிவாகிறது. சி.பி.எல். உள்ளவரும் விமானத்தை அருகில்கூடப் பார்க்காதவரும் ஒரே பாடத்தில்தான் தொடங்குகிறார்கள். சிவில் பயிற்சியில் ஓட்டும் செஸ்னா விமானத்தில் மாணவர் இடப்பக்கம் அமர்ந்து இடக்கையால் விமானத்தைத் திருப்புவார், வலக்கையால் எஞ்சினின் வேகத்தை மாற்றுவார். அகாடமியின் பிலாட்டஸ் பிசி-7 விமானத்தில் மாணவர் முன்னும் ஆசிரியர் பின்னுமாக அமர்கிறார்கள்; கட்டுப்பாட்டுத் தண்டு வலக்கையில், வேகம் இடக்கையில். முன்பு பழகியதைக் கை முதலில் மறக்க வேண்டும். ஆனால் எல்லாமே மறந்துபோவதில்லை. ரேடியோவில் பேசும் பழக்கம், புறப்படுமுன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் ஒழுங்கு, மேகத்தைப் பார்த்துத் திரும்பிவிடும் அடக்கம் எல்லாம் கூடவே வருகின்றன. ஆகாயத்தில் குமட்டல் எடுக்கும் உடம்பா இல்லையா என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

பலன் பெரும்பாலும் கணக்கில் ஏறாது என்று தெரிந்தே செய்யும் முயற்சியைத் தமிழ்ச் சமய மரபு நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறது. வைணவத்தில் இது இரு கலைகளின் வழக்கு. தாய்க்குரங்கைக் குட்டி தானே பற்றிக்கொள்கிறது. பூனையோ குட்டியைத் தானே கவ்விச் செல்கிறது. வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார் முதலாவதையும், பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையார் இரண்டாவதையும் சரணாகதிக்கு உவமையாக்கினர். இதில் பலரும் கவனிக்காமல் விடும் நுட்பம் ஒன்று உண்டு. முயற்சியால் அருளை விலைக்கு வாங்கலாம் என்று தேசிகரும் சொல்லவில்லை. இறைவன் இரங்குவதற்கு ஒரு வியாஜம், ஒரு சாக்கு, வேண்டும் என்பதே அவர் பக்கம். அதுவும் வேண்டாம் என்பது எதிர்ப்பக்கம். பலன் முயற்சியின் கூலி இல்லை என்பதில் இருவருக்கும் சண்டையே கிடையாது.

திருக்குறளில் ஊழ் 38-ஆம் அதிகாரம். ஆள்வினையுடைமை 62-ஆம் அதிகாரம். முன்னது ஊழை வெல்ல வழியில்லை என்கிறது. பின்னது தெய்வத்தால் ஆகாவிட்டாலும் வருந்திய அளவுக்குப் பயன் உண்டு என்கிறது. இரண்டும் மோதுவதாகக் கருதி உரையாசிரியர்கள் சமாதானம் தேடியிருக்கிறார்கள். காத்திருக்கும் மாணவரின் நிலையில் வைத்துப் படித்தால் மோதல் அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை. தகுதிப் பட்டியல் ஊழின் பக்கம் நிற்கிறது. விமானத்தைத் தனியாக இறக்கத் தெரிந்த கை முயற்சியின் கூலியாக நிற்கிறது. பட்டியலில் பெயர் இல்லாமல் போனாலும் அந்தத் திறனை யாரும் திருப்பி வாங்கிக்கொள்வதில்லை.

ஆனால் முயற்சியைப் பேரமாக மாற்றிவிடும் ஆபத்தும் இங்கே இருக்கிறது. புதுவாயலிலிருந்து அதிக தூரமில்லாத சிறுவாபுரி முருகன் கோயிலுக்குச் சொந்த வீடு வேண்டி ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வருபவர்கள் ஏராளம். வேண்டுதல் தவறில்லை, காத்திருக்கும் மனத்துக்கு அது ஓர் ஒழுங்கைத் தருகிறது. ஆறாவது வாரம் முடிந்ததும் ரசீதைக் காட்டிப் பொருளைக் கேட்கும் மனநிலை வந்தால்தான் தொல்லை. நாற்பது மணி நேரம் பறந்துவிட்டேன், எனக்கு இடம் தராமல் இருப்பது அநியாயம் என்று நினைப்பவர் அதே இடத்தில் நிற்கிறார். நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒன்றாகப் பார்க்கும் நிலையைச் சைவ சித்தாந்தம் இருவினையொப்பு என்கிறது. அருள் பதிவதற்குமுன் உயிர் அடையும் பக்குவம் அது. அழைப்புக் கடிதத்தையும் நிராகரிப்பையும் அவ்வாறு ஏற்பது இருபத்திரண்டு வயதில் யாருக்கும் எளிதில் வராது. என்றாலும் சித்தாந்தம் கேட்பது அதைத்தான்.

குருவின் பக்கமிருந்தும் ஒரு தடை எழுப்பலாம். தீட்சைக்கு முன் மந்திரம் கற்கக் கூடாது என்பது மரபு. துரோணர் மறுத்தபின் மண் உருவத்தை வைத்து வில் பழகிய ஏகலைவன் கட்டைவிரலை இழந்தான். பரசுராமரிடம் பொய் சொல்லிக் கற்ற கர்ணனுக்குத் தேவையான நேரத்தில் அந்த வித்தை நினைவுக்கு வரவில்லை. இரண்டு கதைகளையும் முன்கூட்டிக் கற்பதற்கு எதிரான சாட்சியாக எடுப்பது தவறு. கர்ணனை வீழ்த்தியது அவன் சொன்ன பொய். ஏகலைவன் கதையில் குற்றம் இருப்பதே விரலைக் கேட்ட துரோணர் பக்கம்தான். சிவில் பயிற்சி முறையான உரிமத்தோடு, பொறுப்பான ஆசிரியர் அருகில் இருக்க நடப்பது. அதில் களவு எதுவும் இல்லை. குருவின் தடையில் எஞ்சி நிற்கும் நியாயம் ஒன்றுதான்: எனக்குத் தெரியும் என்ற எண்ணத்தோடு வருபவருக்குக் கற்பிப்பது கடினம். தாம்பரத்தில் விமானப் பயிற்றுநர்களை உருவாக்குவதற்கென்றே விமானப்படை ஒரு பள்ளி நடத்துகிறது. பறக்கத் தெரிவது வேறு, மாணவர் மனத்தைக் கையாளத் தெரிவது வேறு என்று படையே ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம்.

இனி இரண்டாவது கேள்வி: விரும்புவது பறப்பதையா, படையில் சேர்வதையா? படைப் பயிற்சியில் பறத்தலும் போர்க்கடமையும் ஒன்றாகக் கலந்துவிடும். அழைப்புக்கு முன் பறப்பவருக்கு மட்டும்தான் அவை பிரிந்து தெரிகின்றன. இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8-இல் தோன்றியது. அதற்கு முன்பே இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவித்திருந்தார். 1930-இல் ஆஸ்பி இன்ஜினியர் என்ற 17 வயதுப் பையன் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார், ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து கிளம்பினார். எகிப்தில் ஆஸ்பியின் விமானம் பழுதாகி நிற்க, எதிரே வந்த டாட்டா தன்னிடமிருந்த உபரி ஸ்பார்க் பிளக்கைக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று. அவர் 1931-இல் கிரான்வெல் படைக் கல்லூரியில் சேர்ந்தார். 1960 முதல் 1964 வரை விமானப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தார். இன்னும் பிறக்காத ஒரு படைக்காக அவர் முன்கூட்டியே கற்றிருந்தார் என்று ஆகிறது. டாட்டாவின் வரிசை தலைகீழ். இளமையில் ஓராண்டு பிரெஞ்சுக் குதிரைப்படையில் இருந்துவிட்டு வந்தபின் பறக்கக் கற்று, அதைக் கொண்டு நாட்டின் முதல் விமானப் போக்குவரத்து நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரே ஆண்டில் ஒரே வானத்தில் பறந்த இருவரில் ஒருவருக்குப் பறத்தல் படையில் சேரும் வழியாயிற்று, மற்றவருக்கு அதுவே தொழிலாயிற்று.

பி.சி. லால் டெல்லி பறத்தல் சங்கத்தில் உரிமம் வாங்கியது மாணவப் பருவத்தில். 1939-இல் போர் மூண்டபோது அந்த உரிமமே அவரைப் படைக்குள் இழுத்தது. விமானம் ஓட்டத் தெரிந்தவரை முதலில் அப்சர்வராகத்தான் எடுத்துக்கொண்டார்கள். 1971 போரின்போது தலைமைத் தளபதி அவர்தான். அவனி சதுர்வேதி ராஜஸ்தானின் வனஸ்தலி பல்கலைக்கழகத்தில் படித்தபோது அங்குள்ள பறத்தல் சங்கத்தில் சில மணி நேரம் பறந்தவர். 2016-இல் நாட்டின் முதல் மூன்று பெண் போர் விமானிகளில் ஒருவரானார். இவர்களுக்கு முன்பழக்கம் வழி காட்டியது. பலருக்கு அது வேறு வழியைக் காட்டியிருக்கும். அவர்கள் பெயர் வரலாற்றில் வருவதில்லை.

போர் விமானியின் தொழிலில் கொலை அடங்கியிருக்கிறது. கொல்லாமையை 33-ஆம் அதிகாரத்தில் துறவறத்தில் வைத்த வள்ளுவர், படைச்செருக்கை 78-ஆம் அதிகாரத்தில் பொருட்பாலில் வைத்தார். யார் எந்த நிலையில் நிற்கிறார் என்பதே அறத்தைத் தீர்மானிக்கிறது என்று அதைப் படிக்கலாம். அப்படியானால் நிலையைத் தேர்ந்தெடுக்கும் காலம் மிக முக்கியமாகிறது. அர்ச்சுனன் தன் சந்தேகத்தைக் கேட்டது சங்கு ஊதியபின். வித்தை முழுவதும் கற்றாகிவிட்டது, தேர் நடுவில் நிற்கிறது. விலகினால் அது ஓட்டம் என்றே பெயர் பெறும். கீதையின் விடை அந்த இக்கட்டுக்குள் பிறந்தது. குறுகிய காலப் பணியில் 14 ஆண்டு உழைக்கப்போகும் இளைஞருக்கு அதே கேள்வியைப் பல மாதம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆயுதம் இல்லாத செஸ்னாவில் முதன்முறை தனியே பறந்து இறங்கும்போது வரும் மகிழ்ச்சியே போதும் என்று தோன்றினால், அது ஒரு விடை. அந்த மகிழ்ச்சிக்கு மேல் ஒரு கடமை வேண்டும் என்று தோன்றினால், அது வேறு விடை.

அப்துல் கலாம் கதையை இந்த இடத்தில் எல்லோரும் எடுப்பார்கள், தவிர்க்கவும் முடியாது. 1958-இல் டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் 25 பேரில் 9-ஆவது இடம் அவருக்கு; இடங்களோ எட்டு. மனம் உடைந்து ரிஷிகேசம் போனவர் சுவாமி சிவானந்தரைச் சந்தித்து ஆறுதல் பெற்றார். விதியை ஏற்றுக்கொண்டதற்கு உதாரணமாகவே இது சொல்லப்படுகிறது. ஆனால் ரிஷிகேசத்திலிருந்து இறங்கி அவர் சேர்ந்தது பாதுகாப்பு அமைச்சகத்தின் விமானத் தொழில்நுட்பப் பிரிவில். படைக்கு உழைக்கும் விருப்பம் நிராகரிப்புக்குப் பின்னும் நிலைத்திருந்தது. பறக்கும் விருப்பம் 2006 ஜூன் 8-இல், குடியரசுத் தலைவராக 74 வயதில் புனேயில் சுகோய் விமானத்தில் ஏறியபோது நிறைவேறியது. இரண்டும் தனித்தனி ஆசைகள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தமிழ்நாட்டில் கிடைக்காது.

பணம் இல்லாதவர் முன்கூட்டிப் பறக்காததால் பெரிதாக எதையும் இழப்பதில்லை. அகாடமி எல்லோருக்கும் முதல் பாடத்திலிருந்தே தொடங்குகிறது. கடன் வாங்கி மணிக்கணக்கு சேர்ப்பது தேவையற்றது. பறந்து பார்க்க வாய்ப்புள்ளவர் ஒன்றைக் கவனித்தால் போதும். பறப்பதோடு மனம் நிறைந்துவிடுகிறது என்றால் சி.பி.எல். முடித்துப் பயணிகள் விமானம் ஓட்டப் போகலாம். அதில் குறை ஏதும் இல்லை. அதைத் துண்டிகல் போவதற்கு முன்பே தெரிந்துகொள்வது அவருக்கும் நல்லது, படைக்கும் நல்லது.