வீட்டில் காய்ச்சும் சலவைநீரும் இல்லறத்தார் அகிம்சையும்

இல்லறத்தார்க்குரிய அகிம்சை அணுவிரதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர் உணவைப் பற்றியே முதலில் பேசுவர். புலால், கள், தேன் ஆகியவற்றை நீக்குதல், ஆல், அத்தி முதலிய ஐவகைக் கனிகளை நீக்குதல், இரவில் உண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல் என்பனவெல்லாம் நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் தெரிந்தவை. உடுக்கும் உடையைப் பற்றிச் சிந்தித்துப் பட்டை விலக்கியவர்களும் நம்மிடையே உளர். ஆயினும் அவ்வுடையை எதைக் கொண்டு வெளுக்கிறோம், வெளுத்த நீர் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. நானும் அவ்வாறு எண்ணாதவனாகவே நாற்பது வயது வரை இருந்தேன்.

1983-ஆம் ஆண்டில் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்புக் கலக்கப்படுகிறது என்ற செய்தி வெளிவந்து நாடெங்கும் பெருங்கொந்தளிப்பு ஏற்பட்டதும், அக்கொழுப்பின் இறக்குமதியை நடுவண் அரசு தடை செய்ததும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். அப்போதுதான் நம்மில் பலர் சோப்பைப் பற்றியும் விசாரிக்கத் தொடங்கினர். கொழுப்பும் காரமும் சேர்ந்து வேதியியல் மாற்றம் அடைவதே சோப்பு. அந்தக் கொழுப்பு தேங்காய் எண்ணெயாகவும் இருக்கலாம், பனை வகை எண்ணெயாகவும் இருக்கலாம், விலங்கின் கொழுப்பாகவும் இருக்கலாம். கட்டியாகிக் கையில் வந்த பின்னர் கண்ணால் பார்த்துக் கண்டறிய வழியில்லை. உறையின் மேல் 'சோடியம் டாலோவேட்' என்று அச்சிட்டிருந்தால் அது விலங்குக் கொழுப்பிலிருந்து வந்தது என்று பொருள். இதை அறியாமல் நாம் பூசைக்கு உடுத்தும் வேட்டியையும் அதில் தோய்த்திருப்போம்.

அக்காலத்தில் நான் ஆசிரியப் பணியின் பொருட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூரில் குடும்பத்துடன் குடியிருந்தேன். நம்மவர் வீடு வேறொன்றும் அங்கில்லை. செய்தியைக் கேட்டவுடன் என் தாயார், "இனி இந்த வீட்டில் கடைச் சவுக்காரம் வேண்டாம், என் மாமியார் காலத்தில் என்ன செய்தோமோ அதையே செய்வோம்" என்று கூறிவிட்டார். அவர் குறிப்பிட்டது பூந்திக்கொட்டை. முடிவு செய்தவர்கள் தாயாரும் நானும். ஊறவைத்துக் காய்ச்சிக் கசக்கிக் கை சிவந்தவள் என் மனைவி. விரதத்தை ஆடவர் மேற்கொள்வதும் அதன் உழைப்பை மகளிர் ஏற்பதும் நம் குடும்பங்களில் புதிதன்று. இதையும் இங்கே எழுதி வைப்பதே நேர்மை.

செய்முறை எளியது. ஒரு வாளித் துணிக்குப் பதினைந்து இருபது கொட்டைகளை எடுத்து, உடைத்து, உள்ளிருக்கும் கரிய விதையை நீக்கிவிட வேண்டும். நுரைப்பது மேல்தோலின் சதையே, விதையன்று. தோலை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் கால்மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் கையால் பிசைந்து துணியில் வடிகட்டினால் பழுப்பு நிறத்தில் சலவைநீர் கிடைக்கும். அழுக்கு மிகுந்திருந்தால் ஒரு கரண்டி சலவைச் சோடாவைச் சேர்த்துக்கொள்ளலாம். குளத்தூர்ப் பக்கத்துக் கிணற்றுநீர் சற்றுக் கடினமானது. அதில் சோப்பு திரிந்து வெண்கசடாகித் துணியில் ஒட்டும். பூந்திக்கொட்டை நீர் அவ்வாறு திரிவதில்லை. வண்ணப் புடவைகளுக்கு மிக நன்று. வெள்ளை வேட்டி மட்டும் நாளடைவில் சற்று மங்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இவ்வாறு சில மாதங்கள் நடந்தன. எங்கள் மனத்தில் ஒரு நிறைவும், உண்மையைச் சொன்னால் ஒரு சிறு செருக்கும் குடிகொண்டன. ஊருக்குச் செல்லும்போதெல்லாம் உறவினர்க்கு இதைப் பற்றி உபதேசம் செய்தேன்.

ஐப்பசி மழை பெய்து எங்கள் கொல்லைக்குப் பின்னிருந்த குட்டை நிறைந்திருந்தது. வாய்க்கால் வழியே வந்து சேர்ந்த கெண்டைக் குஞ்சுகள் அதில் திரிந்தன. நான்கு நாட்களாகச் சேர்ந்திருந்த சக்கையையும், புளித்துப்போன ஒரு பானைச் சலவைநீரையும் நான் எடுத்துச் சென்று அக்குட்டையில் கொட்டினேன். இயற்கைப் பொருள்தானே, இதனால் யாருக்கு என்ன என்று எண்ணினேன். மாலையில் பார்க்கையில் மீன்கள் வெள்ளை வயிற்றை மேல்காட்டி மிதந்தன. ஆடு ஓட்டிக்கொண்டு அவ்வழியே வந்த மூதாட்டி ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "என்னா வாத்தியாரய்யா, மீனு பிடிக்கவா பூந்திக்கொட்டையக் கரைச்சு விட்டீக?" என்று கேட்டார்.

அவர் என்னைப் பழிக்கவில்லை. அவருக்கு அது தெரிந்த ஒரு முறை, அவ்வளவே. தேங்கிய நீரில் இத்தகைய காய்களை இடித்துக் கரைத்து மீன் பிடிப்பது பல நாடுகளிலும் உள்ள பழைய வழக்கம் என்று பின்னர்ப் படித்தறிந்தேன். பூந்திக்கொட்டையை நுரைக்கச் செய்யும் சப்போனின் என்ற பொருளே மீனின் செவுளைத் தாக்கி அதன் மூச்சை நிறுத்துகிறது. அழுக்கை நீக்கும் ஆற்றலும் உயிரை நீக்கும் ஆற்றலும் அங்கே வெவ்வேறல்ல. விலங்குக் கொழுப்பை விலக்குவதற்காகக் காய்ச்சிய நீரால், விரதம் மேற்கொண்ட என் கையாலேயே ஒரு குட்டை நிறைய உயிர்கள் மாண்டன. என் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சதுர்த்தசியன்று அவர் உபவாசம் இருந்தார்; நானும் இருந்தேன்.

இதனை எவ்வகை இம்சையில் சேர்ப்பது? நம் ஆசாரியர்கள் இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காக வகுத்து, கொல்லும் எண்ணத்தோடு செய்யும் முதல் வகையை இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டும் என்றும், ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும் என்றும் வைத்தனர். என் செயலில் கொல்லும் எண்ணம் இல்லை. உழவன் உழுகையில் பல உயிர்கள் மடிந்தாலும், வலையோடு சென்று ஒரு மீனும் பெறாமல் திரும்பும் செம்படவனே பாவத்தில் மிக்கவன் என்ற உவமையை நாம் கேட்டிருக்கிறோம். அவ்வுவமையைப் பற்றிக்கொண்டு நான் தப்பித்துக்கொள்ள முயன்றதும் உண்டு. ஆனால் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது உயிர் பிரிவதை மட்டும் கூறவில்லை. பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, அதற்குக் காரணமாக முன்வைக்கிறார். கொட்டுவதற்கு முன் குனிந்து பார்த்திருந்தால் மீன் கண்ணில் பட்டிருக்கும். பார்க்கத் தோன்றவில்லை. "இது தூய பொருள்" என்ற எண்ணமே என் கண்ணை மறைத்தது. கடைச் சோப்பாக இருந்திருந்தால் ஒருவேளை தயங்கியிருப்பேன்.

அப்படியானால் கடைப் பொருளுக்கே திரும்பிவிடலாமே என்று சில அன்பர்கள் கேட்பர். அது விடையாகாது. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் என்ற வேதியியல் பயின்ற அரசு ஊழியர் தம் வீட்டுக் கொல்லையில் சலவைத்தூளைக் கலந்து மிதிவண்டியில் கொண்டுசென்று விற்றார். அதுவே பின்னர் நாடெங்கும் பரவிய நிர்மா. கடையில் வாங்குவதும் ஒரு காலத்தில் ஒருவர் வீட்டில் செய்ததே. ஆகவே 'வீட்டில் செய்தது' என்பது தனக்குத் தானே ஒரு புண்ணியமாகிவிடாது. சலவைத்தூளில் விலங்குக் கொழுப்பு வேண்டியதில்லை. பெரும்பாலும் கல்நெய்யிலிருந்து பெறப்படும் பொருளே அதில் நுரைக்கிறது. அதுவும் மீனுக்கு நஞ்சே. சில தூள்களில் சேர்க்கப்படும் பாஸ்பேட் நீர்நிலையை அடைந்தால் பாசி பெருகி, அழுகி, நீரிலுள்ள உயிர்வளி குன்றி, அங்கு வாழும் ஐம்பொறி உயிர் வரை மூச்சடைத்து மாளும். வட அமெரிக்காவின் ஈரி ஏரி 1960-களில் இவ்வாறு சீரழிந்த பின்னரே அங்குள்ள அரசுகள் பாஸ்பேட்டுக்கு வரம்பு விதித்தன.

வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என வினை மூவழியாக வந்து சேரும் என்பது நம் கொள்கை. கிருதம், காரிதம், அனுமோதனம் என்பர். கடையில் சோப்பு வாங்கும்போது கொழுப்பு உருக்கும் கொட்டிலும், ஆலைக் கழிவு விழும் ஓடையும் நம் கண்ணுக்குத் தெரியா. அதற்கு முன் நம் பாட்டனார் காலத்தில் வண்ணார் வந்து மூட்டையை எடுத்துச் சென்றார். உவர்மண்ணில் தோய்த்து, வெள்ளாவி வைத்து, கண்மாய்த் துறையில் அடித்து, வெளுத்துக் கொண்டுவந்து தந்தார். அவர் காலடியில் துறையில் என்ன மடிந்தது என்று நம் முன்னோர் கேட்டதாகத் தெரியவில்லை. வெண்மை நமக்கு, வினை அவருக்கு என்று எவரும் எழுதி வைக்கவில்லை எனினும் அவ்வாறு நினைத்தே வாழ்ந்திருக்கிறோம். வீட்டில் காய்ச்சும்போது காரிதம் கிருதமாகிறது. பாரம் குறைவதில்லை, ஆனால் கண்முன் வருகிறது. கண்முன் வந்ததையே காக்க முடியும். அக்குட்டையின் மீன்களை நான் கண்டதனால்தான் அதன்பின் மாறினோம்.

மாறியது என்னவென்றும் சொல்ல வேண்டும். துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளில் இறுதியானது பிரதிஷ்டாபன சமிதி. கழிவை உயிரற்ற இடம் பார்த்து விடுதல் அதன் பொருள். இல்லறத்தார்க்கு அது கட்டளையன்று எனினும், சலவைநீருக்கு அதைவிடப் பொருத்தமான வழிகாட்டி எனக்குக் கிடைக்கவில்லை. நீர்நிலையிலும், நீர்நிலைக்கு ஓடும் வாய்க்காலிலும் அதை விடுவதில்லை. தென்னையடியில் ஊற்றலாம் என்று முதலில் எண்ணினோம். ஈரமண்ணில் மண்புழு இருக்கும், அதற்கும் சப்போனின் ஆகாது. ஆதலால் எறும்பு ஊராத வறண்ட கட்டாந்தரையாகப் பார்த்து, அலசிய நீரால் நன்கு நீர்க்கச் செய்து, பல இடங்களில் சிறிது சிறிதாகப் பரப்பிவிடுகிறோம். வெயிலும் மண்ணும் அதைச் சில நாட்களில் சிதைத்துவிடும். காய்ச்சிய நீரைச் சேமித்து வைப்பதும் இல்லை. இரண்டு மூன்று நாளில் அது புளித்து நாற்றம் எடுக்கும். புளித்தல் என்பதே அதில் உயிர்கள் தோன்றிப் பெருகுவதன் அடையாளம். வடிகட்டிய பச்சைநீருக்கு இரண்டு நாழிகை, கொதித்த நீருக்கு ஒரு நாள் என்று நம் பெரியோர் எல்லை வகுத்திருக்க, சலவைநீருக்கு மட்டும் எல்லை வேண்டாமா? அன்றன்று வேண்டிய அளவே காய்ச்சுகிறோம். கொட்டையைச் சேமித்து வைத்தால் கெடாது. இப்போது பிசைந்து வடிகட்டுவது என் பங்கு.

எனினும் இவையெல்லாம் இரண்டாம் நிலையே என்று எனக்குத் தோன்றியது சித்தன்னவாசலில். குளத்தூரிலிருந்து அது தொலைவில்லை. குன்றின் மேலே ஏழடிப்பட்டத்தில் பதினேழு கற்படுக்கைகள் உள்ளன. அவற்றில் கிடந்த முனிவர்க்குத் துவைக்க ஒரு துணி இல்லை. இருபத்தெட்டு மூலகுணங்களில் நீராடாமையும் ஒன்று, ஆடையின்மையும் ஒன்று. வெறும் அழுக்கைப் பொறுத்தல் என்று பிற சமயத்தார் இதை எள்ளியதுண்டு. ஒரு குடம் நீரில் எத்தனை உயிர் என்று கணக்கிட்டவர்கள் தம் உடலின் பொருட்டு அந்நீரைச் செலவிட மறுத்தார்கள் என்பதே அதன் உட்பொருள். கீழே அறிவர் கோயிலில், 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்த அக்கோயிலின் விதானத்தில், தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. சமவசரணத்தின் பொய்கை என்று அறிஞர் அதைக் கொள்வர். பூக்கொய்வோரின் இடையே அன்னமும் யானையும் மீனும் அதில் அச்சமின்றி இருக்கின்றன. மாணவர்களை அழைத்துச் சென்று பலமுறை பார்த்த ஓவியம்தான். குட்டையில் மீன்கள் மிதந்த அந்த மாதத்திற்குப் பின் பார்த்தபோது என்னால் நெடுநேரம் மேலே நோக்க முடியவில்லை.

நாம் முனிவர் ஆக இயலாது. ஆனால் போகோபபோக பரிமாண விரதம் நமக்கும் உண்டு. ஒரு குடும்பத்தில் எத்தனை துணி, வாரத்தில் எத்தனை முறை வெளுப்பது என்பதற்கு எல்லை வைப்பது, எதைக் கொண்டு வெளுப்பது என்பதைவிட மிகுந்த உயிர்களைக் காக்கும். ஒருமுறை உடுத்திய சட்டையை வியர்வையில்லாவிடினும் வாளியில் போடும் வழக்கம் என் இளமையில் இல்லை. நிழலில் காற்றாட விரித்தால் மறுநாள் உடுத்தலாம். சலவை இயந்திரம் வந்தபின், அது நிறைய வேண்டும் என்பதற்காகவே துணி சேர்க்கும் வீடுகளையும் காண்கிறேன்.

என் மகள் சென்னையில் ஓர் அடுக்ககத்தின் ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறாள். சென்ற தீபாவளிக்கு வந்தபோது இரண்டு கிலோ பூந்திக்கொட்டை வாங்கிச் சென்றாள். அங்கே கட்டாந்தரை ஏது, அலசிய நீரை எங்கே விடுவாய் என்று கேட்டேன். குழாயில்தான் போகிறது, அக்குழாய் எங்கே போகிறது என்று தனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அடுக்ககக் காவலாளியைக் கேட்டாளாம். அவர் செயலாளரைக் கேட்கச் சொன்னாராம். செயலாளர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.