ஆயாக்களுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது?

காஞ்சிபுரத்தில் ஒரு முதியோர் இல்லத்து ஆயாக்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. மூத்திரம் அடக்க முடியாத கிழவர் கிழவிகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் பாடம். இங்கிலீஷில் இருந்த கையேட்டைத் தமிழாக்கித் தரும்படி என்னைக் கூப்பிட்டார்கள். எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு வரக்கூடிய வேலைகளில் இதுவும் ஒன்று.

தலைப்பிலேயே தடுக்கி விழுந்தேன். ‘சிறுநீர்க் கட்டுப்பாடின்மை’ என்று எழுதிப் படித்துக் காட்டினேன். ஆயாக்களில் மூத்த அக்கா கேட்டார்: “யாரும்மா கட்டுப்பாடு இல்லாம கீறது? அவங்களா, நாங்களா?” தலைப்பை அடித்துவிட்டு, ‘துணியிலே மூத்திரம் போறது’ என்று எழுதினேன்.

கல்லூரியில் இடக்கரடக்கல் என்று படித்தோம். அவையில் சொல்லக் கூசுகிற சொல்லை மறைத்து வேறு சொல்லால் சொல்வது. பரீட்சைக்கு எடுத்துக்காட்டு எழுதி மதிப்பெண் வாங்கினோம். சொல்வதற்கே கூசுகிறதை ஒருத்தி தினமும் கையால் அள்ளுகிறாளே, அவளை எந்த அவையில் வைப்பது என்று அந்த வகுப்பில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கோயில் ஊர் இது. இங்கே மாட்டின் மூத்திரம் பஞ்சகவ்வியத்தில் சேர்கிறது, கோமியம் என்று பெயர் மாறி வீட்டு வாசலில் தெளிக்கப்படுகிறது. தன் மூத்திரத்தையே குடிப்பதாக வெளிப்படையாகச் சொன்ன மொரார்ஜி தேசாயை நாடு பிரதமராக வைத்திருந்தது. ஆக, மூத்திரத்தில் தீட்டு இல்லை. அதைத் தொடுகிற கையில்தான் தீட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

பயிற்சி தொடங்கும்போது சிஸ்டர்கள் நாற்காலியில், ஆயாக்கள் தரையில். பயிற்சி கொடுக்க வந்த நர்ஸம்மா நல்லவர். எல்லாரையும் நாற்காலிக்கு வரச் சொன்னார். நாற்காலி போதவில்லை, கடைசியில் எல்லாரும் தரைக்கு வந்தார்கள். ஒரு சிஸ்டர் மட்டும் முதுகு வலி என்றார். இருக்கலாம்.

“எங்களுக்கு இன்னாத்துக்குப் பயிற்சி? இது எங்களுக்குத் தெரியாததா?” இதுவும் அந்த மூத்த அக்காதான். அந்தக் கேள்விக்குள் பெருமையும் இருந்தது, வலியும் இருந்தது. இந்த வேலைக்குப் படிப்பு வேண்டாம், பிறப்பிலேயே கைவந்தது என்றுதான் சாதி சொல்லி வைத்திருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு நாமும் நம்பிவிட்டோம். 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராசன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1996இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் அதற்கு எம்.டி. படிப்பே வந்தது. முதுமை ஒரு படிப்பு என்று டாக்டர்களுக்குத் தெரிந்துவிட்டது. நாள் முழுக்க அந்த உடம்பைத் தூக்கிப் புரட்டுகிறவளுக்கு அது படிப்பாக வந்து சேரவில்லை.

உண்மையில் அதில் கற்க நிறைய இருக்கிறது. இருமினால், தும்மினால் சொட்டுவது ஒன்று. பிள்ளைப்பேற்றில் இடுப்பின் அடித்தசை தளர்ந்த பெண்களுக்கு அது அதிகம். அவசரமாக முட்டி, எழுவதற்குள் போய்விடுவது இன்னொன்று. ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்து, நிரம்பிய குடம்போல வழிந்துகொண்டே இருப்பது வேறு. மலச்சிக்கல், சர்க்கரை, நீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரை என்று எல்லாமும் இதில் சேரும். தண்ணீரைக் குறைத்தால் மூத்திரம் குறையும் என்று நினைப்பது தப்பு. மூத்திரம் கெட்டியாகி எரியும், மலம் இறுகும், கிருமி தொற்றும்.

இல்லத்தில் பலர் தறிக்குடும்பத்துப் பெண்கள். குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, கோர்வைச் சேலைக்கு எதிர்நாடா தள்ளியவர்கள். ஒரு ஆள் எழுந்தால் இன்னொரு ஆளும் கைகட்டி உட்கார வேண்டும், எனவே அடக்கிப் பழகினார்கள். எங்கள் தெருப் பெண்கள் அடக்கியதற்குக் காரணம் வேறு. நடவுக்குப் போன இடத்தில் மறைவு கிடையாது, இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர் குடிக்காமல் பொழுதை ஓட்டியவர்கள்தான்.

இதையெல்லாம்விட என்னை நிமிர வைத்தது இன்னொரு வகை. மூத்திரப்பை நன்றாகவே இருக்கும். ஆனால் கக்கூஸ் தூரம், முட்டி வலி, கட்டில் உயரம், கூப்பிட்டால் வர ஆள் இல்லை. நனைந்துவிடும். இதுவும் நோய்க்கணக்கில்தான் சேர்கிறது. இதற்கு மருந்து மாத்திரை இல்லை, போய்க் கேட்பதுதான். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நனைவதற்கு முன்னால், “போலாமா பாட்டி?” என்று கேட்டு, வருகிறவரைக் கைபிடித்து அழைத்துப்போய், திரும்பி வந்ததும் நல்ல வார்த்தை சொல்வது. மூன்று நாள் செய்து பார்த்தால் யாருக்குப் பலிக்கும் என்று தெரிந்துவிடும். எல்லாருக்கும் பலிக்காது.

எழுதத் தெரியாத ஆயாக்களும் இருந்ததால் தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தோம். நனைந்திருந்தால் புள்ளி, காய்ந்திருந்தால் சுழி. கட்டத்துக்கு மேலே பணியில் இருக்கும் ஆயாவுக்கு ஓர் அடையாளம். பயிற்சி முடிந்து மூன்று நாள் கழித்து தாள்களைப் பார்க்க மறுபடி கூப்பிட்டார்கள்.

ஒரு பாட்டியின் தாள் விசித்திரமாக இருந்தது. ஒருநாள் முழுக்கச் சுழி, மறுநாள் முழுக்கப் புள்ளி, அதற்கு மறுநாள் மறுபடி சுழி. நர்ஸம்மா மாத்திரையைக் கேட்டார், சாப்பாட்டைக் கேட்டார். எதுவும் மாறவில்லை. நான் மேலே இருந்த அடையாளத்தைப் பார்த்தேன். சுழி விழுந்த நாட்களில் பணியில் இருந்தவர் பாட்டியின் சாதிக்காரப் பெண். புள்ளி விழுந்த நாள் நம்ம அக்காவின் நாள். அக்கா போய்க் கேட்டபோதெல்லாம் பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். “நீ போ, சிஸ்டரை வரச்சொல்லு.” சிஸ்டர் பெட்பேனைத் தொடுவதில்லை, அது ஆயா வேலை. அப்படியானால் அந்தப் பாய் நனையத்தான் வேண்டும்.

சாதி தண்ணீரைக் கெடுக்கும், பள்ளிக்கூடத்தைக் கெடுக்கும் என்று மேடையில் பேசியிருக்கிறேன். ஒரு கிழவியின் மூத்திரப்பைவரை போய் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்ததில்லை.

என்ன செய்வது? பாட்டிக்கு அந்தச் சாதிக்காரப் பெண்ணையே நிரந்தரமாகப் போட்டுவிடலாம் என்றார் நிர்வாகி. முதியவரின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று கையேட்டிலும் இருக்கிறது, நான்தான் அதைத் தமிழாக்கினேன். பாய் காய்ந்துவிடும், சாதியும் காய்ந்த பாயில் சுகமாகப் படுத்துக்கொள்ளும். கூடாது, முறை மாற்றக் கூடாது என்று நான் வாதாடினேன். தோழர்கள் பலரும் அதையே சொல்லியிருப்பீர்கள். ஆனால் நான் சொன்னதன் பொருள், கிழவி நனைந்தே கிடக்கட்டும் என்பதும்தான். எண்பது தாண்டிய உடம்பு, ஈரத்தில் தோல் பிய்ந்து புண்ணாகும்.

அக்கா முடித்து வைத்தார். “நீ சாயங்காலம் பஸ் ஏறிடுவ. பாய் தொவைக்கிறது நானு. அந்தக் கெழவிய மாத்தி உடு. ஆனா அவ பங்குல நாறிக் கெடக்குற ரெண்டு பேர எங்கிட்ட தள்ளாத. சிஸ்டரும் பேன் எடுக்கணும். ராத்திரிக்கு இன்னொரு ஆளு போடணும்.”

முறை மாறியது. சிஸ்டர் பேன் எடுப்பது பற்றி ஆலோசிப்பதாகச் சொன்னார்கள்.

நிர்வாகி முடிவில் பேசும்போது, ஆயாக்கள் எல்லாரும் தாய்மார்கள், இது சேவை, புண்ணியம் என்றார். பழைய பாட்டுதான். காந்தி 1936இல் ‘ஹரிஜன்’ பத்திரிகையில் மலம் அள்ளுகிறவரைத் தாயோடு ஒப்பிட்டு எழுதினார். தாய் குழந்தைக்குச் செய்வதை இவர்கள் சமூகத்துக்குச் செய்கிறார்களாம். எந்தக் குழந்தை அம்மா கையைத் தொடாதே என்கிறது? வேலையைப் புனிதமாக்கிப் பாடி, பாட்டைக் கேட்டபடி அதிலேயே நில் என்று சொல்லும் தந்திரத்தை அம்பேத்கர் 1945இல், காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்ட நூலில், பிய்த்துப் போட்டார். புண்ணியம் என்று சொல்கிற இடத்தில் கூலி குறைவாக இருக்கும் என்பது என் அனுபவம்.

அமெரிக்காவில் 1987இல் வந்த சட்டம், முதியோர் இல்ல உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றது. தேவையில்லாமல் மூத்திரக் குழாய் மாட்டக் கூடாது என்ற விதியும் அதையொட்டி வந்தது. அங்கேயும் ஆய்வுக்காரர்கள் இருக்கும்வரை கேட்பதும் அழைத்துப்போவதும் நடக்கும். அவர்கள் போனதும், ஆள் போதாமல், பழையபடி ஈரத்துணி மாற்றுவதோடு நின்றுவிடும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நம்முடைய 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டம், மாவட்டத்துக்கு 150 ஏழை முதியவர்களாவது தங்கும் இல்லம் பற்றிப் பேசுகிறது. 150 என்று எண் போட்ட அந்தப் பிரிவில் ஆயாவின் மணிக்கணக்குக்கு எண் இல்லை.

மிச்சமிருந்த தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் ஆயாவாக இருந்தவர். எத்தனையோ பேருக்குப் பேன் வைத்து எடுத்த கை. தாளை வாங்கி, புள்ளி எது சுழி எது என்று விசாரித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“இருமும்போது கொஞ்சமா வர்றத இதுல எங்க போடுறது?”