அரங்கத்தின் வாயில் எங்கே?

ஆட்டம் முடிகிறது. ஐம்பதினாயிரம் பேர் எழுந்து நிற்கின்றனர். சற்று முன்புவரை அவர்களுக்கு ஒரே குரல், ஒரே மூச்சு. ஆலை முதலாளியும் ஆலைத் தொழிலாளியும் ஒரே பந்தை நோக்கினர். ஒரே நொடியில் துள்ளினர். ஒரே நொடியில் துவண்டனர். உயர்வு தாழ்வு ஓயாத உலகில், மூன்று மணி நேரமேனும் சமத்துவம் அரசோச்சியது என்று நாம் மகிழலாம்.

வாயிலுக்கு வந்ததும் அந்த அரசு கவிழ்கிறது! ஒருவனுக்காகக் கார் காத்து நிற்கிறது. மற்றவனுக்காகக் காத்து நிற்பது கும்மிருட்டும் நெடுஞ்சாலையும். கடைசிப் பஸ் போய்விட்டது. இரயிலோ அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. காலை ஆறு மணிக்கு வேலைக்கு நிற்க வேண்டியவன் அவன். "நல்ல ஆட்டம்தான், ஆனால் இனி வரமாட்டேன்" என்று முணுமுணுத்தபடி நடக்கிறான். அவனை எவரும் தடுக்கவில்லை, பிடித்துத் தள்ளவில்லை, உள்ளே வராதே என்று பலகை மாட்டவில்லை. ஆயினும் அவன் தடுக்கப்பட்டுவிட்டான். தடுத்தது தொலைவு!

விளையாட்டரங்கம் எங்கே அமைய வேண்டும் என்பது பொறியியல் வல்லுநர் தீர்க்க வேண்டிய கணக்கு, அதில் அறம் பேச என்ன இருக்கிறது என்பர் சிலர். மண் தாங்குமா, மழைநீர் வடியுமா, தூண் எத்தனை தேவை என்பவற்றை வல்லுநர் சொல்லட்டும், தலைவணங்கிக் கேட்போம். ஆனால், யாருக்காக இந்த அரங்கம், யாருடைய நிலத்தில், யாருடைய செலவில் என்ற கேள்விகளுக்கு அவர்களுடைய அளவுகோல் விடை தராது. அவை நீதியைப் பற்றிய கேள்விகள். அவற்றைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு; கேட்காதிருந்தால் குற்றமும் நமக்கு உண்டு.

கதை ஒன்றைக் காட்டுவோம். கற்பனையன்று, வரலாறு.

அமெரிக்க நாட்டிலே, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், டிராம் வண்டிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிய காலம் ஒன்று இருந்தது. அவற்றின் நடுவே புகுந்து தப்பி ஓடும் புரூக்ளின் மக்களை 'டிராலி டாட்ஜர்ஸ்' என்று கேலி பேசினர். அந்தக் கேலியே ஒரு பேஸ்பால் குழுவின் பெயராயிற்று. டாட்ஜர்ஸ் என்று இன்றும் உலகம் அழைக்கிறதே, அந்தக் குழுதான். 1913ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எபெட்ஸ் ஃபீல்டு அவர்களின் ஆடுகளம். கார் நிறுத்த இடம் சில நூறு வண்டிகளுக்கே; ஆனால் சுரங்க இரயில் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. தொழிலாளியும் சிறுவனும் சில்லறைக் காசோடு வந்து போயினர்.

1957ஆம் ஆண்டோடு அந்தக் குழு புரூக்ளினைத் துறந்தது. மூவாயிரம் மைல் அளவு தாண்டி லாஸ் ஏஞ்சலிஸ் சென்றது. அங்கே அதற்கு வாய்த்த இடம் சாவேஸ் ரவைன் என்னும் குன்றுப் பகுதி. காலியாகக் கிடந்த குன்றா அது? இல்லை! பாலோ வெர்தே, லா லோமா, பிஷப் என்ற மூன்று குடியிருப்புகள் அங்கே இருந்தன. மெக்சிகோ வழிவந்த எளிய குடும்பங்கள், தாமே கட்டிய வீடுகளில், தோட்டம் போட்டு, ஆடு கோழி வளர்த்து வாழ்ந்தன.

1950ஆம் ஆண்டு அவர்களுக்கு அரசின் கடிதம் வந்தது. "இங்கே பொதுக் குடியிருப்பு எழுப்பப் போகிறோம், வீட்டை விற்றுவிட்டு வெளியேறுங்கள், புது வீடுகளில் உங்களுக்கே முதலிடம்" என்பது அதன் சாரம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் திட்டம். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நியூட்ரா அதை வரைந்தார். வாக்கை நம்பிப் பலர் வெளியேறினர். வெளியேறிய பின் காற்று மாறியது. ஏழைக்கு அரசு வீடு கட்டினால் அது பொதுவுடைமை என்று கூச்சல் கிளம்பியது. 1953இல் மேயராக வந்த நாரிஸ் போல்சன், அத்திட்டத்தை எதிர்த்தே வென்றவர். திட்டம் செத்தது, பொதுப் பயனுக்கே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு நிலம் நகராட்சியின் கைக்கு வந்தது. பொதுப் பயன் எது? தனியார் குழு ஒன்றின் விளையாட்டரங்கம்!

1958 ஜூன் மாதம் நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். சுமார் இருபத்தையாயிரம் வாக்கு வேறுபாட்டில் அரங்கத்துக்கான ஒப்பந்தம் வென்றது. 1959 மே 8 அன்று, எஞ்சியிருந்தவர்களைக் காவலர் வெளியேற்றினர். ஒரு பெண்ணைக் கைகால் பற்றித் தூக்கிப் படி இறக்கிய காட்சியை நிழற்படக் கருவிகள் பதிவு செய்தன. வீடுகளை இயந்திரங்கள் இடித்தன. 1962 ஏப்ரல் 10 அன்று அரங்கம் திறந்தது. இருக்கைகள் 56,000. கார் நிறுத்துமிடங்கள் ஏறத்தாழ 16,000. இரயில் நிலையம்? ஒன்றுகூட இல்லை!

லாஸ் ஏஞ்சலிஸ் இரயிலையே அறியாத ஊர் என்று எண்ணிவிட வேண்டாம். 'பசிபிக் எலெக்ட்ரிக்' என்ற நிறுவனத்தின் சிவப்பு வண்டிகள் ஒரு காலத்தில் ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட இருப்புப் பாதைகளில் அந்த வட்டாரம் முழுவதும் ஓடின. அவற்றில் கடைசி வண்டி நின்றது 1961 ஏப்ரலில். சரியாக ஓராண்டு கழித்து இந்த அரங்கம் பிறந்தது. டிராம் வண்டியால் பெயர் பெற்ற குழு, டிராம் செத்துக்கொண்டிருந்த ஊரில், டிராம் ஏற முடியாத குன்றில் குடியேறிற்று! காலம் இதைவிடக் கசப்பாக நகைத்ததுண்டோ?

இனிக் கணக்குக்கு வருவோம். பகுத்தறிவாளர் கணக்குக்கு அஞ்சுவதில்லை. ஒரு கார் நிற்கவும் திரும்பவும் இருபத்தைந்து சதுர மீட்டர் வேண்டுமென்று கொள்க. பதினாறாயிரம் கார்களுக்கு நான்கு லட்சம் சதுர மீட்டர். ஏறத்தாழ நூறு ஏக்கர்! ஆடுகளத்துக்குச் சில ஏக்கர் போதும். ஆளில்லாத வண்டிகள் உறங்க நூறு ஏக்கர். மக்கள் வாழ்ந்த மண் வண்டி உறங்கும் கொட்டகையாயிற்று. மறுபுறம், ஆயிரம் பேரை ஏற்றும் இரயில் மூன்று நிமிடத்துக்கு ஒன்றாகப் புறப்பட்டால், ஒரு மணி நேரத்தில் இருபதினாயிரம் பேர் ஒரே தடத்தில் வீடு நோக்கிப் போய்விடுவர். இடமும் மிஞ்சும், புகையும் குறையும்.

இந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கும் அநீதியை நாம் வெளியே இழுத்துக் காட்ட விரும்புகிறோம். எட்டாத இடத்தில் எழும் ஒவ்வோர் அரங்கமும் இரண்டு சீட்டுகள் கேட்கிறது. ஒன்று, கவுண்டரில் விற்பது. அதன் விலை எழுதப்பட்டிருக்கும். மற்றொன்று, கார் என்னும் சீட்டு. அதன் விலை எங்கும் எழுதப்பட்டிராது. முதல் சீட்டை ஏழை பல நாள் மிச்சம் பிடித்து வாங்கிவிடலாம். இரண்டாவதை? காரில்லாதவன், கண் மங்கிய முதியவர், கல்லூரி மாணவன், தனியே வரும் பெண் ஆகிய அனைவரும் அந்த இரண்டாம் சீட்டின் முன் திகைத்து நிற்கின்றனர். அரங்கத்தின் வாயில் மதிற்சுவரில் இல்லை; அவரவர் வீட்டு வாசலிலிருந்து புறப்படும் வழியிலே இருக்கிறது. வழி அடைபட்டால் வாயில் திறந்திருந்தும் பயனில்லை.

பார்க்க வருவோரை மட்டும் எண்ணிப் பேசுவதும் போதாது. கூட்டம் கலைந்த பிறகு குப்பை கூட்டுபவர், தின்பண்டம் விற்றவர், காவல் நின்றவர் ஆகியோரே எல்லோருக்கும் பின்னால் வெளியேறுகின்றனர். ஊர் உறங்கும் நேரத்தில் அவர்களுக்கு வண்டி உண்டா என்று கேட்காத திட்டம், திட்டமே அன்று.

"அப்படியானால் இரயில் நிலையத்தின் தலைமேலேயே அரங்கத்தைக் கட்டிவிடுங்கள்" என்று குறும்பாகச் சொல்வோர் உண்டு. அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள்! நியூயார்க் நகரிலே 1910இல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா நிலையம், விண்ணளந்த கூரையும் வெளிச்சம் வழியும் மண்டபமும் கொண்ட மாளிகை. 1963இல் அதை இடிக்கத் தொடங்கினர். அந்த இடத்தில் 1968இல் எழுந்தது இன்றைய மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கம். இரயில்கள் நிற்கவில்லை, நிலவறைக்குள் தள்ளப்பட்டன. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்கு முன், நாள்தோறும் ஆறு லட்சம் பேருக்குமேல், தாழ்ந்த கூரையின்கீழ், தூண்களுக்கு இடையே நெரிந்து நடந்தனர். நிலையத்தை விரிக்க வழியின்றி அரங்கத்தின் தூண்கள் கீழே இறங்கி நிற்கின்றன. 2021இல் பக்கத்து அஞ்சலகக் கட்டடத்தில் மொய்னிஹான் மண்டபம் திறந்தது. ஓரளவு மூச்சு வந்தது. ஆயினும் அரங்கம் அங்கேயே நீடிக்கலாமா என்ற வழக்காடல் ஓயவில்லை. 2023இல் நகர மன்றம் ஐந்தே ஆண்டுகளுக்குத்தான் அனுமதி நீட்டித்தது.

என்ன பாடம்? சில ஆயிரம் பேரின் மாலைப்பொழுதுக்காக, பல லட்சம் பேரின் அன்றாட வழியை நசுக்கலாகாது என்பது பாடம். லாஸ் ஏஞ்சலிஸ் அரங்கம் வண்டியை விட்டு ஓடிற்று. நியூயார்க் அரங்கம் வண்டியின் கழுத்தில் ஏறிற்று. இரண்டும் பிழை.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. "இரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள நிலம் பொன்னினும் அரிது. ஆண்டில் எண்பது நாளோ நூறு நாளோ விழித்து, மற்ற நாளெல்லாம் உறங்கும் அரங்கத்துக்கு அதைத் தரலாமா? அங்கே வீடுகள் எழட்டும், பள்ளி எழட்டும், மருத்துவமனை எழட்டும்" என்பர். நல்ல வாதம்! வீடற்றவனின் வீட்டுக்கும் விளையாட்டுக்கும் போட்டி வந்தால் நாம் வீட்டின் பக்கமே நிற்போம். சாவேஸ் ரவைனின் கண்ணீர் நமக்கு அதைத்தான் கற்பிக்கிறது. ஆகவே நிலையத்தின் நெஞ்சை அரங்கத்துக்குத் தர வேண்டாம். பத்து நிமிட நடைதூரம் போதும். லண்டனில் 90,000 பேர் அமரும் வெம்பிளி அரங்கத்துக்கும் வெம்பிளி பார்க் நிலையத்துக்கும் நடுவே அகன்ற நடைபாதை ஒன்று நீள்கிறது. வெள்ளம்போல் வெளிவரும் கூட்டம் அதில் பரந்து, மெலிந்து, நிலையத்தை அடைகிறது. மெல்போர்ன் நகரின் மாபெரும் கிரிக்கெட் அரங்கத்துக்கு ரிச்மண்ட், ஜோலிமான்ட் என இரு நிலையங்கள் நடைதூரத்தில் உள்ளன. கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. அந்த நடையே ஓர் ஏற்பாடு, நெரிசலுக்கு மருந்து.

மேலும், அலுவலக நேரத்தில் நிரம்பி வழியும் இரயில், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பாதி வெறுமையாக ஓடுகிறது. மக்கள் பணத்தில் போட்ட தடம் அது. அந்த வெற்றுப் பெட்டிகளை நிரப்புவது விரயமா? விரயத்தைத் தவிர்ப்பதன்றோ! அரங்கம் உறங்கும் நாளில் பள்ளிப் பிள்ளைகள் ஓடவும் ஆடவும் அதைத் திறந்து வைத்தால், அந்த நிலம் நாள்தோறும் வாடகை கொடுத்ததாகும்.

நமது சென்னையைப் பாருங்கள். சேப்பாக்கத்து ஆடுகளம் 1916ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன் அருகிலேயே பறக்கும் இரயிலின் சேப்பாக்கம் நிலையம் 1995இல் வந்தது. அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையம் 2019இல் வந்தது. யாரும் முன்கூட்டி வகுத்த திட்டத்தால் விளைந்த நன்மை என்று இதைச் சொல்ல முடியாது. நகரின் நடுவே ஆடுகளம் நிலைத்து நின்றதால் இரயில் அதைத் தேடி வந்தது. 2023இல் ஐ.பி.எல். ஆட்டங்களின்போது, நுழைவுச் சீட்டைக் காட்டியே மெட்ரோவில் செல்லும் ஏற்பாடும் செய்தனர். இரண்டாம் சீட்டை முதல் சீட்டு விழுங்கிவிட்டது! தற்செயலாக வாய்த்த இந்த நன்மையை, இனி எழும் ஒவ்வோர் அரங்கத்துக்கும் விதியாக்க முடியாதா?

முடியும், கேட்க ஆள் வேண்டும். புறநகரில் ஏக்கர் கணக்கில் நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று திட்டம் தீட்டுவோர் பெருமை பேசும்போது, நாம் எழுந்து நான்கு கேள்விகள் கேட்போம். இங்கே முன்பு வாழ்ந்தவர் யார். அவர்களுக்குக் கொடுத்த வாக்கு என்னவாயிற்று? காரில்லாதவர் எப்படி வருவார்? கடைசி ஆட்டக்காரர் போன பின், கடைசித் தொழிலாளி எப்படி வீடு சேர்வார்? இரயிலும் பஸ்ஸும் அரங்கத்துக்கு முன்பே வருமா, அல்லது 'பிறகு வரும்' என்ற வாக்கு மட்டும் வருமா? மலிவு என்று அவர்கள் சொல்லும் நிலத்தின் எஞ்சிய விலையை, ஒவ்வோர் ஆட்டத்தன்றும் மக்கள் பெட்ரோலாகவும் நேரமாகவும் கட்டுகிறார்கள் என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வோம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடலாகாது. இரயில் அருகில் இருப்பதாலேயே அநீதி நீதியாகிவிடாது. புரூக்ளினில் ஒன்பது சுரங்க இரயில் தடங்கள் கூடும் இடத்தில் 2012இல் பார்க்லேஸ் அரங்கம் திறந்தது. போக்குவரத்தில் அதற்கு நிகர் குறைவு. ஆயினும் அங்கும் சிலர் நில எடுப்பு அதிகாரத்தின்முன் வீடு துறக்க நேர்ந்தது. வழி நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது. வந்து சேரும் மண்ணும் நேர்மையாகப் பெறப்பட்டதாக இருக்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சலிஸில் இன்று, யூனியன் நிலையத்திலிருந்து ஆட்ட நாட்களில் சீட்டு உள்ளோரை இலவசமாக ஏற்றிச் செல்லும் பஸ் ஓடுகிறது. நல்லதுதான். ஆனால் செய்த பிழையை அரைநூற்றாண்டு கழித்துப் பஸ் வைத்துத் துடைக்கிறார்கள் என்பதையும் காண்க. கான்கிரீட் காய்ந்த பிறகு கண்ணீர் விட்டுப் பயனில்லை. கோடு கிழிக்கும் நாளிலேயே குரல் எழுப்ப வேண்டும்.

சமத்துவம் ஆடுகளத்துக்கு உள்ளே மூன்று மணி நேரம் வாழ்ந்தால் போதுமா? அது வீட்டு வாசலில் புறப்பட்டு, வீட்டு வாசலுக்கே திரும்ப வேண்டும். கடைசி இரயிலில், முதலாளியும் தொழிலாளியும் தோளோடு தோள் நின்று, அன்றைய ஆட்டத்தைப் பேசிக்கொண்டே ஊர் திரும்பும் இரவு வரட்டும். அந்த இரவு வரும்வரை நாம் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.