யாரைக் கூப்பிடுவது?

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்த நாளிலிருந்து ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்றால் காசில்லாதது என்றும் அர்த்தம், சுதந்திரமானது என்றும் அர்த்தம். தமிழில் அந்தத் தொல்லை கிடையாது. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ஆனால் சொல் தெளிவாக இருந்து என்ன பயன்? ஜலகண்டாபுரத்தில் லினக்ஸைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் முதல் கேள்வி, "ஃப்ரீயா?" என்பதுதான். ஆமாம் என்றால் அடுத்தது, "விண்டோஸும் ஃப்ரீதானே?"

அவர்கள் வரையில் ஃப்ரீதான். ஃபார்மட் போடுகிறவர் பென் டிரைவில் கொண்டுவரும் விண்டோஸுக்கு யாரும் தனியாகக் காசு கொடுத்ததில்லை. கட்டற்ற மென்பொருள்காரர்கள் மேடையில் முதலில் எடுத்துவைக்கும் 'செலவு மிச்சம்' என்ற வாதம், திருட்டுப் பிரதி ஓடும் ஊரில் பிறக்கும்போதே செத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது சுதந்திரம் என்ற வாதம் மட்டும். அதை எப்படிச் சொல்வது என்பதைவிட, சொல்ல நமக்கு என்ன தகுதி என்பதுதான் என்னைக் குடைகிறது.

தமிழ்நாட்டில் இது புதுசும் இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்துக்குப் பெயர் 'விலையில்லா மடிக்கணினி' (இலவசம் என்று சொல்ல அரசுக்குக் கூச்சம், மூன்றாவதாக ஒரு சொல்லும் கிடைத்துவிட்டது). அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது, தமிழிலும் இயங்கக்கூடியது. மெஷினைப் போட்டதும் எது வேண்டும் என்று திரை கேட்கும். எங்கள் தெருவில் நான் பார்த்த பிள்ளைகள் அத்தனை பேரும் விண்டோஸைத்தான் அழுத்தினார்கள். சில மாதத்தில் பாஸ் இருந்த இடம் அழிக்கப்பட்டு, சினிமாப் படம் சேர்த்துவைக்கும் இடமாகிவிட்டது. ரெண்டையும் கண் முன்னால் வைத்தால் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்துவிடுமா? அந்தப் பிள்ளைக்குப் பாஸைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கேட்க, பள்ளியிலும் ஆள் இல்லை, வீட்டிலும் இல்லை.

கேரளத்தில் வேறு மாதிரி நடந்தது. அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் முதலில் ஆசிரியர்களைத் தயார் செய்தது. பள்ளிக்கு ஒரு பொறுப்பாசிரியர், அவருக்குச் சொல்லிக்கொடுக்க மாவட்டத்தில் பயிற்சியாளர்கள். பத்தாம் வகுப்பின் கணினித் தேர்வே லினக்ஸில்தான். அங்கே மாணவர்கள் நம்மைவிடக் கொள்கைப் பிடிப்பு உள்ளவர்கள் என்று நான் நம்பவில்லை. மெஷின் நின்றுபோனால் கூப்பிட ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, தறிக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் என்று எல்லாம் பார்ப்பவர். நான் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ சொல்றது எல்லாம் சரிங்க. இருபதாம் தேதி ராத்திரி பிரின்டர் நின்னு போச்சுன்னா நான் யாரைக் கூப்புடறது? நீ பெங்களூர்ல இருப்ப."

இதற்குப் பதில் மென்பொருளில் இல்லை. ஸ்டால்மன் சொல்லும் நான்கு சுதந்திரங்களில் ஒன்று, நிரலைப் பிரித்துப் படித்து மாற்றும் சுதந்திரம். அந்த அண்ணன் வாழ்நாளில் ஒரு வரி நிரல் எழுதப்போவதில்லை. அப்படியானால் அந்தச் சுதந்திரம் அவருக்கு வெறும் அலங்காரமா? இங்கேதான் ஊரிலிருக்கும் தறிகளைப் பார்க்கச் சொல்வேன். விசைத்தறி வைத்திருப்பவர் எல்லாருக்கும் அதைக் கழற்றி மாட்டத் தெரியாது. நாடா எகிறினால், அச்சு போனால், பக்கத்துத் தெருவிலிருந்து மெக்கானிக் வருவார். உடைந்த பாகத்தை லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். தறியைச் செய்த கம்பெனி இருக்கிறதா, மூடிவிட்டதா என்று யாருக்கும் கவலை இல்லை. திறந்து பார்க்க முடிகிற பொருள் என்பதால்தான் அந்தச் சுற்றே உருவானது. தறிக்காரரின் சுதந்திரம் அவர் கையில் இல்லை, அந்தத் தெருவில் இருக்கிறது.

ஆக, மெக்கானிக் இல்லாத ஊரில் திறந்த மூலமும் பூட்டிய பெட்டிதான். எனக்கு எரிச்சல் தருவது நம் ஆட்களின் உபதேசத் தொனி. மாதச் சம்பளக்காரன் வார இறுதியில் ஊருக்கு வந்து, தினக் கூலிக் கணக்கில் ஓடும் கடையின் மெஷினை மாற்றிவிட்டு ஞாயிறு ராத்திரி பஸ் ஏறுவது கொள்கை ஆகாது. கொள்கை நம்முடையது, நஷ்டம் அவருடையது. முனிச் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய பிறகும், 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அத்தனை பெரிய அமைப்பே தடுமாறிய இடம் இது.

அதற்காக, வாயை மூடிக்கொண்டிருந்தால் நடுநிலை என்றும் ஆகாது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 சிப்பும் புதிய பிராசசரும் வேண்டுமாம். அந்த அண்ணனின் மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது; அதைக் காயலான்கடைக்கு அனுப்பும் முடிவை அவரைக் கேட்காமலேயே வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள். லினக்ஸுக்கு மாறச் சொல்வது திணிப்பு என்றால், இதற்கு என்ன பெயர்?

அதனால் நான் இப்போதெல்லாம் கடைக்காரர்களிடம் பேசுவதில்லை. ஃபார்மட் போடும் பையனிடம் பேசுகிறேன். இந்த ஊரில் எந்தக் கணினியில் எது ஓட வேண்டும் என்று முடிவு செய்பவன் அவன்தான். அவன் சுதந்திரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "டேலி ஓடுமாண்ணா? பாமினியில அடிச்ச பழைய ஃபைல் தொறக்குமா?" என்று கேட்டான். டேலியை நேரடியாக லினக்ஸில் போட முடியாது, அதை வைத்திருப்பவரைத் தொடாதே என்றேன். பாமினி எழுத்துரு லினக்ஸிலும் வேலை செய்யும். யூனிகோடுக்கு மாற்ற மாற்றிகளும் இருக்கின்றன என்றேன். ஊரில் உள்ள கடைகளில் எந்தெந்த மாடல் பிரின்டர் என்று ஒரு பட்டியல் கேட்டிருக்கிறேன். ஒரு மெஷின் போட்டால் தனக்கு எவ்வளவு நிற்கும் என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.